அடமானத்தை வாங்கிக்கொண்ட அரசு

கேள்வி: 2008 நெருக்கடியில் அமெரிக்க அரசு வங்கிகளைத்தான் காப்பாற்றியது என்கிறார்கள், கடனாளியின் வீட்டை அரசே மீட்டுக் கொடுத்த முன்னுதாரணம் அங்கு உண்டா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்டு. 1933 ஜூனில் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம், தவணை தவறி ஏலத்துக்கு வரவிருந்த வீடுகளின் அடமானங்களைத் தன் கடன்பத்திரங்களைக் கொடுத்து வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதுவரை சில ஆண்டுகள் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, கெடு முடிந்ததும் அசலை ஒரே மூச்சில் அடைக்க வேண்டிய நிலையில் பலர் இருந்தனர். அவர்களுக்கு அசலும் வட்டியும் சேர்ந்த மாதத் தவணையாக, 5 சதவீத வட்டியில், 15 ஆண்டுகளுக்குக் கடன் மாற்றி எழுதப்பட்டது. உண்மையான ஆறுதல் இந்த மாற்றம்தான் என்பேன். சுமார் 10 லட்சம் கடன்கள் இவ்வாறு மாற்றப்பட்டன. ஆனாலும் அது தர்மசத்திரம் அல்ல: ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டைக் கழகமே பின்னர் கையகப்படுத்தியது. 1951-இல், ஏட்டளவில் சிறு லாபத்துடன் கணக்கை முடித்தது.