மேரிலாண்ட் மாதிரி டெமாக்ரட் கோட்டையில ஒரு ரிபப்ளிகன் கவர்னரா ஜெயிக்க வாய்ப்பு இருக்கா?

இருக்கு, ஜெயிச்சும் இருக்காங்க. ஆனா அந்த வாய்ப்பு நவம்பர்ல நடக்கிற பொதுத்தேர்தல்ல முடிவாகுறது இல்ல, அதுக்கு சில மாசம் முன்னாடி ப்ரைமரில அவங்க கட்சிக்காரங்களே யாரை நிறுத்துறாங்கங்கிறதுல முக்கால்வாசி முடிஞ்சிடுது. நான் மேரிலாண்ட்ல ஓட்டு போடுறவன், எந்தக் கட்சிலயும் பதிவு பண்ணிக்காதவன், இங்க இருந்து பார்த்ததை வச்சு சொல்றேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். இங்க கவர்னர்னா டெல்லில இருந்து நியமிச்சு அனுப்புற ஆள் இல்ல, நம்ம முதலமைச்சர் இடத்துல இருக்கிறவர், ஜனங்க நேரா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறாங்க, சட்டசபைக்கு தனி ஓட்டு. அதனால சட்டசபை ஒரு கட்சி கையில, கவர்னர் இன்னொரு கட்சின்னு அமையலாம்.

இங்க வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கும்போதே எந்தக் கட்சின்னும் பதிவு பண்ணிக்கலாம், மேரிலாண்ட்ல அப்படி ஒருத்தர் ரிபப்ளிகன்னு பதிவு பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கு மேல டெமாக்ரட்னு பதிவு பண்ணியிருக்காங்க. அப்படிப்பட்ட இடத்துல 2014ல லாரி ஹோகன் ஜெயிச்சாரு. ரியல் எஸ்டேட்காரர், கருத்துக்கணிப்பு எல்லாம் எதிராளி ஆண்டனி பிரவுன்தான் முன்னாடின்னு சொல்லிட்டு இருந்துச்சு. பிரவுன் அப்போ துணை கவர்னர், 2013ல மாநிலத்தோட ஹெல்த் இன்சூரன்ஸ் வெப்சைட் திறந்த அன்னைக்கே படுத்துடுச்சு, அந்த வேலை அவர் பொறுப்புல இருந்தது. இன்னொரு பக்கம் ஹோகன் கருக்கலைப்பு, துப்பாக்கி பேச்சையெல்லாம் முடிஞ்சவரை ஒதுக்கிட்டு வரி வரின்னு அதையே பிடிச்சுக்கிட்டாரு. மழைத்தண்ணி அழுக்கை அடிச்சுட்டு போய் செசபீக் விரிகுடாவுல சேராம இருக்க 2012ல ஒரு கட்டணம் கொண்டு வந்திருந்தாங்க, அதுக்கு "ரெயின் டாக்ஸ்"னு பேர் வச்சு எதிர்த்தவங்க வீடு வீடா கொண்டு போயிட்டாங்க. அந்தக் கட்டணம் தேவையானதுன்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன், ஆனா மழைக்குக் கூடவா வரின்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

ஹோகன் ஜெயிச்ச அடுத்த வருஷமே டோல் கட்டணத்தை குறைச்சாங்க, செசபீக் விரிகுடாவைத் தாண்டுற பே பிரிட்ஜ்ல 6 டாலர் கட்டிட்டு இருந்தது 4 ஆச்சு. கடற்கரைக்கு போற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது கையில தெரிஞ்சது. 2018ல நாடு முழுக்க டெமாக்ரட் அலை, அதே ஓட்டுச்சீட்டுல செனட்டுக்கு, அதாவது வாஷிங்டன்ல இருக்கிற நாடாளுமன்ற மேலவைக்கு, டெமாக்ரட் பென் கார்டினுக்கு கிட்டத்தட்ட 65 சதவீதம் போட்ட அதே ஜனங்க கவர்னருக்கு ஹோகனுக்கு 55 சதவீதம் போட்டாங்க. 1954ல தியோடர் மெக்கெல்டின் ஜெயிச்சதுக்கு அப்புறம் ரெண்டாவது தடவை ஜெயிச்ச முதல் ரிபப்ளிகன் கவர்னர் இவர்தான். ஒரு காரணம் சட்டசபை. ஒரு சட்டத்தை கவர்னர் வீட்டோ பண்ணி தடுத்தாலும் சட்டசபைல ஐந்துல மூணு பங்கு ஓட்டு இருந்தா அந்தத் தடையைத் தள்ளிடலாம், டெமாக்ரட்கிட்ட அது இருந்துச்சு. சம்பளத்தோட சிக் லீவ் சட்டத்தை ஹோகன் வீட்டோ பண்ண, 2018 ஜனவரில அதை மீறி நிறைவேத்தினாங்க. இவர் ஓரளவுக்கு மேல எதையும் மாத்த முடியாதுங்கிற தைரியத்துலதான் பல டெமாக்ரட்கள் ஓட்டு போட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

இப்போ 2022க்கு வரேன், எனக்கு வருத்தமான வருஷம். ரெண்டு தடவைக்கு மேல தொடர்ந்து நிக்க முடியாது, அதனால ஹோகன் தன் அமைச்சரவைல இருந்த கெல்லி ஷூல்ஸை ஆதரிச்சாரு. ப்ரைமரில எதிர்ல டான் காக்ஸ், டிரம்ப் ஆதரிச்சவர், அதே வருஷம் ஹோகனையே பதவிநீக்கம் பண்ணணும்னு தீர்மானம் கொண்டு வந்த ஆளு. மேரிலாண்ட்ல ப்ரைமரில அந்தந்தக் கட்சில பதிவு பண்ணவங்க மட்டும்தான் ஓட்டு போட முடியும். எனக்கு வந்த சீட்டுல ஸ்கூல் போர்டு தேர்தல்தான் இருந்துச்சு, நவம்பர்ல ஹோகனை ஜெயிக்க வச்ச என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஷூல்ஸ் பேரே கண்ணுல படல. போதாததுக்கு டெமாக்ரட் கவர்னர்கள் சங்கமே 10 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி காக்ஸ் பேரை ரிபப்ளிகன் வாக்காளர்கிட்ட பரப்பின விளம்பரம் ஓட்டுச்சு, அவர் வந்தா ஜெயிக்கிறது சுலபம்னு கணக்கு. கணக்கு பலிச்சது, ப்ரைமரில காக்ஸ் ஜெயிச்சாரு, நவம்பர்ல டெமாக்ரட் வெஸ் மூர் அவரை கிட்டத்தட்ட 2க்கு 1னு ஜெயிச்சாரு. மூர் மேல எனக்கு குறை இல்ல, ஆனா அப்படி ஒரு விளம்பரம் பண்ணது தப்பு, எந்தக் கட்சி பண்ணாலும் தப்பு. அதே வருஷம் மசாசூசெட்ஸ்லயும் இதே கதை, ரிபப்ளிகன் சார்லி பேக்கர் ரெண்டு தடவை கவர்னரா ஜெயிச்ச இடத்துல டிரம்ப் ஆதரிச்ச ஜெஃப் டீல்ங்கிறவர் ப்ரைமரில ஜெயிச்சு வந்தாரு, நவம்பர்ல பெருசா தோத்தாரு.

மறுபக்கமும் இப்படித்தான். டிரம்ப் பெருசா ஜெயிக்கிற கென்டக்கில டெமாக்ரட் ஆண்டி பெஷியர் 2019ல சுமார் 5,000 ஓட்டுல ஜெயிச்சாரு, ஏன்னா அப்போதைய ரிபப்ளிகன் கவர்னர் பெவின் வாத்தியாருங்களை பென்ஷன் விஷயத்துல பகைச்சுக்கிட்டாரு. 2023ல அவரே இன்னும் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சாரு.

இதை செனட் தேர்தலோட குழப்பிக்காதீங்க. அதே ஹோகன் 2024ல செனட்டுக்கு நின்னு டெமாக்ரட் ஏஞ்சலா ஆல்சோபுரூக்ஸ்கிட்ட 10 சதவீதத்துக்கு மேல பின்தங்கி தோத்தாரு. அவரை பிடிச்சவங்க கூட, வாஷிங்டன்ல எந்தக் கட்சிக்கு மெஜாரிட்டி போகும்னு பார்த்துத்தான் குத்தினாங்க.

ஆக வாய்ப்பு எவ்ளோன்னா, பதவில இருக்கிற கவர்னரை எதிர்த்துன்னா ரொம்ப கம்மி, இங்க பதவில இருந்துக்கிட்டே கடைசியா தோத்த கவர்னர் 2006ல பாப் எர்லிக், அவரும் ரிபப்ளிகன்தான். பதவி காலியாகுற வருஷம், ஆளுங்கட்சி மேல வரிக்கோபம், ப்ரைமரில ஹோகன் மாதிரி ஒருத்தர், மூணும் சேர்ந்தா நாலுல ஒரு பங்காவது வாய்ப்புன்னு என் கணிப்பு. நீங்க மேரிலாண்ட்ல இருந்து என்னை மாதிரி கட்சி சேராம இருந்தா, ப்ரைமரிக்கு சில வாரம் முன்னாடியே ஏதாவது ஒரு கட்சிக்கு பதிவை மாத்திக்கலாம், ஆன்லைன்லயே முடியும், அடுத்த தடவை நான் அதைத்தான் பண்ணப் போறேன்.