பழைய டிராவலரை வீடாக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் கோவையில் 22,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. 2019 மாடல் டி-போர்டு (வாடகை வண்டியாகப் பதிவான) டெம்போ டிராவலர் ஒன்று 10 லட்சத்துக்கு வருகிறது. பாடி கட்டுபவர் 7 லட்சத்தில் படுக்கை, கிச்சன், ஏ.சி., சோலார் எல்லாம் போட்டுத் தருவதாகவும், ஆர்.டி.ஓ. வேலையை அவரே பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். அட்வான்ஸ் 50,000 கேட்கிறார். வீட்டைக் காலி செய்துவிட்டு, வண்டியிலேயே வசித்துக்கொண்டு ஊர் சுற்றலாமா?

பதில்: வண்டியில் வசிக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. நீங்கள் சொல்லும் வண்டியில், சொல்லும் வரிசையில் வேண்டாம். "ஆர்.டி.ஓ. வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரி போதும், அட்வான்ஸைக் கையில் பிடித்துக்கொள்வதற்கு.

ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், வண்டியின் வகை, பாடி வகை, சீட் எண்ணிக்கை, காலி எடை எல்லாம் பதிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, இந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் பிரிவு 182ஏ-இன்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட்டைக் கழற்றியது ஒன்று, கூரையை வெட்டி ஏ.சி. வைத்தது இன்னொன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

நேர்வழி இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் "மோட்டார் கேரவன்" என்றே ஒரு வகை உண்டு. இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்கும் அலமாரி ஆகியவை வண்டிக்குள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சொந்த உபயோகக் கேம்பர் வேனை வாடகை வண்டியாகக் கருதாத பட்டியலிலும் மத்திய அரசு 2004-லேயே சேர்த்துவிட்டது. இருந்தும் ஆர்.டி.ஓ. கவுன்டரில் போய் "கேரவன்" என்றால், "ஷூட்டிங் வண்டியா?" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் ஹெட் ஆபீஸில் கேட்கச் சொல்வார், அடுத்தவர் ஆன்லைனில் அந்த வகையே வரவில்லை என்பார், மூன்றாமவர் லீவில் இருப்பார். விதி எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நடத்த ஆள் வைக்கவில்லை. புரோக்கர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே பாடி கட்டுபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த மாடலுக்கு, இந்த வீல்பேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) மோட்டார் கேரவன் ஒப்புதல் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?" அதை வழங்குவது புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனங்கள். நகல் வாங்கி, அதில் எழுதியிருக்கும் மாடல் பெயரை உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். இருந்தால் புது வண்டியை நேரடியாகக் கேரவனாகவே பதிவு செய்யலாம். ஏற்கெனவே பயணி வண்டியாகப் பதிவான பழைய டிராவலர் என்றால், ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே முதல் சீட்டைக் கழற்ற வேண்டும். கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்கப் போனால், உங்கள் தப்பை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

இந்த வண்டி டி-போர்டு என்பது அடுத்த சிக்கல். பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், நிலுவை வரியும் இ-சலானும் தீர வேண்டும், ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும், அப்புறம் ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாற்றி வரி வித்தியாசம் கட்ட வேண்டும். இவ்வளவையும் விற்பவர் செலவில், விற்பவர் பெயரிலேயே முடித்துத் தரச் சொல்லுங்கள். டி-போர்டாகவே ஓட்டலாம் என்று யோசனை சொன்னால், எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டிக்கு எந்த இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தருவார்?

புரோக்கர்கள் நீட்டும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன், காதில் விழுந்ததும் அடையாளம் தெரியும். முதலாவது பாண்டி ரிஜிஸ்ட்ரேஷன். "வரி பாதிகூட வராது மேடம், அட்ரஸ் நாங்க தர்றோம்" என்பார்கள். குடியிருக்காத முகவரியில் வண்டியைப் பதிவது பொய் ஆவணம்; மாட்டினால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், அட்ரஸ் தந்தவர் பெயரில் வராது. தவிர, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். மிச்சம் பிடித்தது எதுவும் இல்லை. இரண்டாவது ஓப்பன் ஃபார்ம்: படிவம் 29, 30-இல் பழைய ஓனர் கையெழுத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பேரு மெதுவா மாத்திக்கலாம்" என்பார்கள். மாநிலத்துக்குள் கை மாறினால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத வண்டிக்கு 7 லட்சம் செலவழித்துப் பாடி கட்டுவது, அடுத்தவர் பட்டா நிலத்தில் வீடு கட்டுவதுதான். மூன்றாவது, "எழுதவே வேண்டாம், வழியில பிடிச்சா ஐநூறு கொடுத்துக்கலாம்". ஐநூறு ரூபாய் செக்போஸ்ட்டில் செல்லலாம், இன்சூரன்ஸ் சர்வேயரிடம் செல்லாது. மாற்றத்தைத் தெரிவிக்காத வண்டி எரிந்தால் சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை நிராகரிக்க அவருக்கு அந்தக் காரணமே போதும். 17 லட்சம் அங்கேயே போகும்.

வண்டியை மாற்றக் கூடாது என்ற விதியில் உங்களுக்கு உதவும் விலக்கு ஒன்று உண்டு. பலரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். வண்டியோடு இணையாத பொருள், சாமான்தான், மாற்றம் ஆகாது. எர்டிகா போல இரண்டாம், மூன்றாம் வரிசை சீட்கள் மடங்கும் காரில் அவற்றை மடக்கி, மேலே 12 மி.மீ. பிளைவுட் பலகையைப் போட்டு, அதன் மேல் மெத்தை விரித்தால், ஆர்.சி.யில் உள்ள எதுவும் மாறவில்லை. சீட் எண்ணிக்கை அப்படியே, பாடி அப்படியே. பலகையை ராட்செட் பெல்ட்டால், ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் இழுத்துக் கட்டலாம். துளை போட்டு போல்ட் முடுக்கினால் கதை வேறு. சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, "எப்ப வேணா மாட்டிக்கலாமே" என்றாலும் கதை வேறுதான். வண்டியை நிறுத்திப் பார்க்கும் நேரத்தில் சீட் அதில் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் போகும் பவர் ஸ்டேஷன், மடக்கு அடுப்பு, ஐஸ்பெட்டி எல்லாம் சாமான். வண்டியின் வயரிங்கை வெட்டி இன்வெர்ட்டர் கொடுத்தால் அது சாமான் இல்லை. இந்த விலக்கு டிராவலரில் உதவாது, ஆனால் உங்களுக்கு ரொம்ப உதவும். முதலில் இப்படி ஒரு காரில், அல்லது வாடகைக் கேரவனில், மே மாதம் பத்து நாளும் ஐப்பசி மழையில் பத்து நாளும் வேலை பார்த்துக்கொண்டே இருந்து பாருங்கள். லீவு போட்டுவிட்டுப் போவது சோதனை ஆகாது.

மே மாதம் என்று சொல்வது வெயிலுக்காக. இரும்புக் கூரையின் கீழ் தூங்குவதுதான் இந்த வாழ்க்கையின் நிஜமான பரீட்சை. கரண்ட் கணக்கைப் பாருங்கள். இரண்டு லேப்டாப், ஒவ்வொன்றும் 60 வாட், எட்டு மணி நேரம்: கிட்டத்தட்ட 1 யூனிட். 12 வோல்ட் சிறு ஃபிரிட்ஜ், வெயில் காலத்தில் சுமார் அரை யூனிட். ஃபேன், லைட், ரவுட்டர், தண்ணீர் மோட்டார் இன்னொரு அரை யூனிட். ஆக நாளைக்கு 2 யூனிட். கூரையில் 540 வாட் பேனல் இரண்டு போட்டால் நல்ல வெயிலில் 3 யூனிட்டுக்கு மேல் வரும், சமாளிக்கலாம். 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் அது மட்டும் 4, 5 யூனிட் கேட்கும். சோலாரில் ஏ.சி. என்று சொல்பவர் பகலில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவார், ராத்திரி நீங்கள்தான் வியர்ப்பீர்கள். ஏ.சி. வெளிக் கரண்ட் கிடைக்கும் இடத்துக்கு மட்டும். கூரைக்கு உள்பக்கம் 25 மி.மீ. மூடிய துளை ஃபோம், கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன், வெளியே வெள்ளைப் பெயின்ட்: காசு இதில் போகட்டும்.

ஏ.சி.க்காக ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. தலையணை உயரத்தில் அதற்கென ஒரு அலாரம் மாட்டுங்கள்.

பேட்டரியில் மலிவுக்குப் போய் வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூப்ளர் (லெட்-ஆசிட்) பேட்டரியை வைத்துவிடுவார்கள். ஒன்று 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். 12.8 வோல்ட் 200 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கேளுங்கள், சுமார் இரண்டரை யூனிட் நிற்கும். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 25 முதல் 35 சதுர மி.மீ. கேபிள் வேண்டும், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். வீட்டு வயரிங் ஆள் 4 சதுர மி.மீ. வயரை இழுத்து, மேலே உள்சுவர்ப் பலகை ஒட்டி மூடிவிட்டுப் போவார். தீ அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பலகையை அடிக்கும் முன் வயரிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேஸுக்கு வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கொண்டு போகாதீர்கள். 5 கிலோ சிலிண்டர், இந்தேனில் "சோட்டு" என்பார்கள், அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே போகும் ஓட்டை இருக்க வேண்டும். மேலே ஜன்னல் இருப்பது போதாது.

எடையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட்டே 35 கிலோ வரும், 120 லிட்டர் தண்ணீர் 120 கிலோ. கட்டும் முன்னும் பின்னும் எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு பாருங்கள்.

வாடகை மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாதம் 1,500 கி.மீ., லிட்டருக்கு 10 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று வைத்தாலே 13,800. இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், ராத்திரி நிறுத்தும் இடத்துக்கான காசு, லாண்டரி எல்லாம் சேர்ந்தால் 22,000 தாண்டும். வண்டியின் விலை இறங்குவது தனி. ஊர் சுற்ற ஆசை என்றால் செய்யுங்கள், சேமிப்பு என்று செய்யாதீர்கள்.

வெயிலுக்கு மலைக்குப் போய்விடலாம் என்று நினைப்பீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் உண்டு. சீசனில் நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வந்துவிட்டது. பந்திப்பூர் வழியில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை போக முடியாது, காட்டுக்குள் எங்கேயும் நிறுத்தக் கூடாது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து வாகமண்ணில் பார்க்கே திறந்தது. தமிழ்நாட்டில் லாரி நிறுத்தும் இடமும், பெட்ரோல் பங்க் ஓனரின் நல்ல மனசும்தான் கதி. கேசட் டாய்லெட்டை (கழிவுத் தொட்டியைக் கழற்றிக் கொட்டும் வகை) மூன்று நாளுக்கு ஒருமுறை எங்கே கொட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

வீட்டைக் காலி செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி. ஆர்.சி., லைசென்ஸ், பேங்க் கே.ஒய்.சி., வாக்காளர் பட்டியல் எல்லாம் ஒரு நிலையான முகவரியைக் கேட்கும், "வேனில் இருக்கிறேன்" என்ற பதிலுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. உங்கள் பெற்றோர் வீடோ மாமனார் வீடோ தபால் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் முதலில் ஆதாரை அங்கே மாற்றுங்கள். குடியிருப்பு மாறினால் 30 நாளில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கேரவன் என்று அச்சான ஆர்.சி.யும், அதே வகையை எழுதிய பாலிசியும் கைக்கு வந்த பிறகு வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் கொடுங்கள். அதுவரை ஒன்றிரண்டு மாத வாடகை கூடுதலாகப் போனாலும் போகட்டும்.