ஆட்டம் மாறும்போது: ஆன்லைன் பிவிபி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. பழகிய ரோல்பிளேயிங் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆளோடு ஆள் மோதும் பிவிபிக்காகவே இன்னொன்றுக்கு மாறுவது எப்படி? மாறும் முன்பு இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பது கையா, கியரா (அதாவது ஆயுதமும் கவசமுமா)? தோற்றால் உங்கள் கையிலிருந்து என்ன போகும்? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

பல வருஷமாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அரீனா (சிறு அணிகள் ஒன்றையொன்று கொன்று ஜெயிக்கும் சண்டை) ஆடுகிறேன். இப்போது வேலை, குழந்தை என்று ஆனபிறகு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. கியர் சேர்க்காமல் நேரே சண்டைக்குப் போகிற மாதிரி ஆட்டம் இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

இருக்கிறது: கில்டு வார்ஸ் 2. 2012 ஆகஸ்டில் வந்தது, 2015 முதல் அதன் அடிப்படைப் பகுதி இலவசம். பழைய ஆட்டமாயிற்றே என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம்.

காரணம், அதில் உள்ள 'ஸ்ட்ரக்சர்டு பிவிபி'. திரையின் மேல்மூலையில் குறுக்கு வாள் சின்னம் இருக்கும். அதை அழுத்தி 'ஹார்ட் ஆஃப் த மிஸ்ட்ஸ்' என்ற பிவிபி கூடத்துக்குள் நுழைந்தால், 2-ஆம் லெவல் கேரக்டரும் 80-க்கு ஏறிவிடும். நீங்கள் அணிந்திருக்கும் சட்டை, கவசம் எதுவும் அங்கே கணக்கில் வராது. அதற்குப் பதிலாகப் பலம் தரும் அமுலெட், ரூன், சிஜில், ரெலிக் எல்லாவற்றையும் ஒரு பட்டியலிலிருந்து காசில்லாமல் தேர்ந்தெடுக்கிறீர்கள். பத்து வருஷமாக ஆடுபவருக்கும் அதே பட்டியல்தான். மிச்சம் இருப்பது கைப்பழக்கமும் யோசித்து ஆடுவதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமம் இல்லை. 'எலீட் ஸ்பெஷலைசேஷன்' எனப்படும் கூடுதல் பாதைகள் விரிவாக்கங்களோடு வருகின்றன: 2015-இல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், 2017-இல் பாத் ஆஃப் ஃபயர், 2022-இல் எண்ட் ஆஃப் டிராகன்ஸ். அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். முதல் 30, 40 மேட்ச்சை இலவசக் கணக்கிலேயே ஆடுங்கள். ஆட்டம் பிடித்திருந்தால், தள்ளுபடி வரும்போது உங்கள் கேரக்டருக்கு வேண்டிய ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். அதே ஆட்டத்தில் 'வேர்ல்டு வெர்சஸ் வேர்ல்டு' என்றொரு பெரிய போர்க்களமும் உண்டு. லெவல் அங்கேயும் உயரும், ஆனால் சொந்த கியர்தான் செல்லுபடி. ஆகவே அதைத் தள்ளிப்போடுங்கள்.

அரீனாவிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் தோற்பதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். அவர்கள் கொலையைத் துரத்துகிறார்கள். இங்கே வழக்கமான மேட்ச் 'காங்க்வெஸ்ட்': 5 பேருக்கு 5 பேர், மூன்று இடங்கள், அதிகபட்சம் 15 நிமிடம். 500 புள்ளியை முதலில் தொட்ட அணி ஜெயிக்கும். ஒருவரைக் கொன்றால் 5 புள்ளி மட்டுமே. இடத்தைப் பிடித்து வைத்திருந்தால் புள்ளி தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஓடுகிற ஆளைத் துரத்திக்கொண்டு இடத்தை விட்டு வெளியே போய் 40 நொடி கழித்துக் கொன்றீர்கள் என்றால், அந்த 40 நொடியில் இழந்தது அதைவிட அதிகமாக இருக்கும். எதிராளி இடத்தின் மேல் நிற்கும்வரை நீங்கள் அதைப் பிடிக்க முடியாது. நீங்கள் நின்றால் அவருக்கும் அதே கதி. அதனால் 'கொல்ல முடியாத ஆள்' என்பவருக்கு இங்கே பெரிய மதிப்பு.

இன்னொன்று, இடம் முழுக்க உங்கள் கையில் இருக்க, அங்கே உங்கள் அணியினர் இரண்டு பேர் சும்மா நிற்கிறார்கள் என்றால், அடுத்த இடத்தில் நாலு பேருக்கு மூன்று பேர் மோதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேப்பைப் பாருங்கள், உடனே கிளம்புங்கள். சில களங்களில் தனி ஏற்பாடுகள் உண்டு. 'லெகஸி ஆஃப் த ஃபோஃபயர்' களத்தில் எதிரணிக் கோட்டைக்குள் இருக்கும் தலைவனைக் கொன்றால் 150 புள்ளி. 350-ஐத் தாண்டிய அணி அதை வைத்தே முடித்துவிடலாம். 'ஃபாரஸ்ட் ஆஃப் நிஃபில்ஹெல்' களத்தில் இரண்டு பெரிய எதிரிகள், ஒன்றைக் கொன்றால் 25 புள்ளி.

தரவரிசைக்குக் கணக்காகும் ரேங்க்டு மேட்ச், ஆட ஆட ஏறும் பிவிபி ரேங்க் 20 எட்டிய பிறகே திறக்கும். அதில் முதல் 10 மேட்ச் உங்கள் நிலையை அளப்பதற்கு. தனியாகவோ இரண்டு பேராகவோதான் சேர முடியும்.

கில்டு வார்ஸ் 2-இல் நெக்ரோமான்சர் கேரக்டர் எடுத்து 20 மேட்ச் ஆகிவிட்டது. யார் அடிக்கிறார்கள் என்று தெரிவதற்குள் விழுந்துவிடுகிறேன். பழைய ஆட்டமான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், அசையவிடாமல் கட்டிப்போடும் ஸ்டன் விழுந்தால் அதை உடைக்கும் ட்ரிங்கெட் போட்டுத் தப்பிப்பேன். இங்கே அது இல்லையே?
– வாசகர், தூத்துக்குடி

இங்கே அந்த வேலையை மூன்று விஷயங்கள் பிரித்துச் செய்கின்றன. பழைய ஆட்டத்தில் ஒரே வகை ஸ்டன் அடுத்தடுத்து விழுந்தால் அதன் நேரம் பாதி, கால் என்று குறையும். கில்டு வார்ஸ் 2-இல் அந்தச் சலுகை கிடையாது. மூன்று பேர் ஆளுக்கொரு ஸ்டன் வைத்திருந்தால் மூன்றும் முழுசாக விழும். ஆகவே முதலாவது, உங்கள் ஸ்கில் வரிசையில் ஸ்டன்னை உடைக்கும் 'ஸ்டன் பிரேக்' குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நெக்ரோவுக்கு ஸ்பெக்ட்ரல் ஆர்மர் ஒன்று. இன்னொன்று ஃப்ளெஷ் வர்ம்: சண்டை தொடங்கும் முன்பே ஒரு தூணுக்குப் பின்னால் அந்தப் புழுவை நட்டு வையுங்கள். ஸ்டன் விழுந்ததும் அழுத்தினால் ஸ்டனும் உடையும், நீங்களும் தூணுக்குப் பின்னால் போய் நிற்பீர்கள். நெக்ரோவுக்கு ஓடும் கால் கிடையாது என்பதால் இது கிட்டத்தட்ட கட்டாயம்.

இரண்டாவது, அடியிலிருந்து உருண்டு விலகும் டாட்ஜ். இதைத்தான் மிகக் கவனமாகப் பழக வேண்டும். அதற்குச் செலவாகும் எண்டூரன்ஸ் 100. ஒரு டாட்ஜுக்கு 50. நொடிக்கு 5 வீதம் திரும்ப ஊறும். அதாவது கையில் இரண்டு, பிறகு 10 நொடிக்கு ஒன்று. ஒரு டாட்ஜ் உங்களைக் காப்பது முக்கால் நொடி மட்டும். புதியவர்கள் சண்டை தொடங்கின பதற்றத்தில் இரண்டையும் உருட்டிவிடுகிறார்கள். பழகிய எதிராளி அதற்காகத்தான் காத்திருப்பார். சாதாரண அம்புக்கும் வெட்டுக்கும் டாட்ஜ் போடாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல் வைத்த வாரியர் எம்பிக் குதிக்கிறார் பாருங்கள், அது எர்த்ஷேக்கர். விழுந்தால் ஸ்டன், அதன் பின்னால்தான் பெரிய அடி வரும். டாட்ஜ் அதற்கு. அவர் கால் தரையை விட்டபிறகு உருளுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு மாற்றம்: ஆப்ஷன்ஸில் 'டபுள் டேப் டு இவேட்' என்பதை அணைத்துவிடுங்கள். திசை விசையை வேகமாக இருமுறை தட்டினால் உங்களுக்கே தெரியாமல் டாட்ஜ் வீணாகும். வி விசையோ மவுஸின் பக்கப் பொத்தானோ அதற்குத் தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது, நெக்ரோ மாறி நுழையும் வடிவமான ஷ்ரவுட். அது இரண்டாவது உயிர்ப்பட்டை. நெக்ரோவின் அடிப்படை ஹெல்த் 19,212. திருடனான தீஃபுக்கும் கார்டியனுக்கும் எலிமென்டலிஸ்டுக்கும் 11,645 மட்டுமே. இவ்வளவு இருந்தும் விழுகிறீர்கள் என்றால் ஷ்ரவுடுக்குள் தாமதமாகப் போகிறீர்கள். ஹெல்த் கால்வாசி ஆனபின் போவது வழக்கம், அது தவறு. அடி வரும் முன்பு உள்ளே போய், வாங்கி முடித்ததும் வெளியே வந்து ஹீல் போடுங்கள்.

விழுந்தாலும் ஆட்டம் முடியவில்லை. 'டவுன்டு' நிலையில் இருக்கும் ஆளை மிதித்து முடிக்க மூன்று நொடிபோல ஆகும். அதற்குள் கூட்டாளி தூக்கிவிட முடியும். எதிரணி ஆள் விழுந்தால், தூக்க ஓடிவருகிறவர்களும் சேர்ந்து அடிபடும்படி அந்த இடத்தின் மேலேயே அடியுங்கள்.

கில்டு வார்ஸ் 2-க்கு ஒரு பில்டை (ஸ்கில், ட்ரெய்டு தேர்வுகளின் தொகுப்பு) இணையத்தில் பார்த்து, அதன் குறியீட்டை (code) ஆட்டத்தில் ஒட்டினேன். இருந்தும் அடி இறங்கவே இல்லை.
– வாசகர், சேலம்

அந்தக் குறியீடு ஸ்கில்லையும் ட்ரெய்டையும்தான் கொண்டுவரும். அமுலெட், ரூன், சிஜிலை நீங்களே பிவிபி பலகையில் போட வேண்டும். விஷம், ரத்தக்கசிவு போன்ற கண்டிஷன் பில்டுக்கு, நேரடி அடிக்கான பவர் அமுலெட் இருந்தால் பாதி அடிகூட இறங்காது. கூடத்தில் நிற்கும் பயிற்சிப் பொம்மையை ஒரு நிமிடம் அடித்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஆடுகிறேன். எந்த சர்வர்? பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) எவ்வளவு இருந்தால் பிவிபி ஆடலாம்?
– வாசகர், நாகர்கோவில்

நாம் ஆடக்கூடிய கில்டு வார்ஸ் 2 சர்வர் ஆசியாவில் இல்லை. அமெரிக்கா அல்லது ஐரோப்பா. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாதான் கிட்டம். நல்ல பிராட்பேண்டில் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிசெகண்ட். அமெரிக்கா 220-க்கு மேல். கணக்கு தொடங்கும்போதே ஐரோப்பாவைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இரு பக்கத்துப் பிவிபியும் தனித்தனி.

பிங் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிராளியின் ஒரு அடி, கை ஓங்கியதிலிருந்து அரை நொடியில் விழுகிறது: 500 மில்லிசெகண்ட். காட்சி உங்களிடம் வரவும் உங்கள் டாட்ஜ் திரும்பிப் போகவும் மொத்தம் 160 போய்விட்டது. மிச்சம் 340. பார்த்து விரல் அசைய மனிதருக்கு 200 முதல் 250 ஆகும். சுமார் 100 உங்கள் கையில் நிற்கிறது, தப்பிக்கலாம். பிங் 250 என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. அப்போது பார்த்து உருள முடியாது, முன்கூட்டிக் கணித்துத்தான் உருள வேண்டும். அதிகப் பிங்கில் ஆடுபவர்கள் நெக்ரோ, வாரியர் மாதிரி அடி தாங்கும் கேரக்டர்களை எடுப்பது நல்லது. 11,645 ஹெல்த் உள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

பிங் ஒரே அளவில் நிற்பது இன்னும் முக்கியம். நிலையான 170-க்குக் கை பழகிவிடும். 90-க்கும் 300-க்கும் இடையே குதிக்கும் பிங்குக்கு எந்தக் கையும் பழகாது. குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். முதலில் லேன் கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வீட்டில் யாருடைய போனோ படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு பாதை நிரம்பி பிங் ஏறும். ரவுட்டரில் இணைய வேகத்தைப் பங்கிடும் க்யூஓஎஸ் (QoS) வசதி இருந்தால் அப்லோடு வேகத்தை உண்மையான அளவில் 85 சதவீதத்துக்குக் கட்டிவையுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் மாலை 7 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 11:30. நம் ஊர் மாலை வேளையில் ஆள் குறைவு, மேட்ச் கிடைக்கத் தாமதமாகும், கிடைத்தாலும் திறமை வித்தியாசம் அதிகமாக இருக்கும்.

அல்பியன் ஆன்லைனுக்கு மாறினேன். பிளாக் ஸோனில் முதல் நாளே மொத்த கியரும் போய்விட்டது. இதை எப்படித்தான் பழகுவது?
– வாசகர், பினாங்

மேலே சொன்ன கில்டு வார்ஸ் 2-க்கு நேர் எதிர்த் துருவம் இந்த ஆட்டம். கியர்தான் கேரக்டர். கத்தியைப் பிடித்தால் கொலையாளி, கோலைப் பிடித்தால் வைத்தியர். செத்தால் உடம்பில் இருந்ததும் பையில் இருந்ததும் போகும். சிலது உடைந்தே அழியும், மிச்சம் கொன்றவருக்கு. போகாதவை இரண்டு: கணக்கில் உள்ள சில்வர் என்ற ஆட்டக் காசு, நீங்கள் சேர்த்த ஃபேம் என்ற அனுபவப் புள்ளி. இதை மனதில் வைத்தால் வழி தெரியும். அணிந்து போவதை அன்றைய செலவு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு 2023 மார்ச்சில் வந்த ஆசிய சர்வர்தான் சரி. அது சிங்கப்பூரில் இருக்கிறது. கேரக்டரும் சில்வரும் சர்வருக்கு சர்வர் தனி, நண்பர்கள் எங்கே என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஸோன்களின் விதி: ப்ளூவில் யாரும் உங்களைத் தொட முடியாது. யெல்லோவில் அடித்து வீழ்த்தலாம், ஆனால் கியர் போகாது, பழுது பார்க்கும் செலவு மட்டும். ரெட்டிலும் பிளாக்கிலும் எல்லாம் போகும். ரெட்டில் கொல்பவரின் பெயர் கெடும், பிளாக்கில் அதுவும் இல்லை. ஆகவே பழகும் இடம் பிளாக் ஸோன் கிடையாது. நகரத்தில் அரீனா இருக்கிறது, 5-க்கு 5, எதுவும் போகாது. ஒருவருக்கொருவர் மோதிப் பழக கரப்டட் டன்ஜனின் அடிமட்ட நிலைக்குப் போங்கள், அங்கேயும் கியர் மிஞ்சும். ஒரே ஆயுதத்தில் 50 சண்டை போடாமல் அடுத்த ஆயுதத்தைத் தொடாதீர்கள். க்யூ, டபிள்யூ, ஈ ஆயுதத்தின் ஸ்கில்கள், ஆர் கவசம், டி தலை, எஃப் செருப்பு. பல தோல்விகள் எஃப்பைச் சீக்கிரம் அழுத்தியதால் வருகின்றன. அது தப்பிக்கும் கால். துரத்துவதற்குச் செலவழித்துவிட்டால் ஓட வழியில்லை.

பிறகு கடைக்குப் போங்கள். நாலாம் அடுக்கு (T4) அளவில் ஒரே மாதிரி ஐந்து செட் வாங்கி வங்கியில் அடுக்குங்கள். விலை பார்க்கும்போது 4.1-க்கும் (மந்திரத்தால் ஒரு படி ஏற்றிய நாலாம் அடுக்கு) 5.0-க்கும் (ஏற்றாத ஐந்தாம் அடுக்கு) பொருளின் பலமான ஐட்டம் பவர் ஒன்றுதான் என்பது நினைவிருக்கட்டும். இரண்டில் எது மலிவோ அதை எடுங்கள். ஐந்தும் போனபின் ஆறாவது வாங்க சில்வர் இருந்தால்தான் ரெட் ஸோனுக்குக் கிளம்பலாம். விலை உயர்ந்த ஒரே செட்டோடு போகிறவரின் கை நடுங்கும், நடுங்கும் கை ஸ்கில்லைத் தவறவிடும்.

வழியில் கவனம்: புதிய பகுதிக்குள் நுழைந்ததும் நீங்கள் அசையும்வரை ஒரு பாதுகாப்புக் குமிழ் இருக்கும். அதற்குள் நின்று சுற்றிப் பாருங்கள். வாசலில் மூன்று பேர் குதிரையோடு நின்றால் வந்த வழியே திரும்புங்கள். குதிரையை விட்டு இறக்கப்பட்டால் நின்று சண்டை போடாதீர்கள். அவர்கள் கூட்டமாக வந்திருப்பார்கள்.

அல்பியன் கைபேசியில் ஓடுமா? சில்வரை வெளியாட்களிடம் வாங்கலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

ஓடும், 2021 ஜூனிலிருந்து. கணினியில் ஆடுபவர்களோடு அதே உலகத்தில்தான் நீங்களும். தனியாகக் கரப்டட் டன்ஜன் போவதற்குத் தொடுதிரை சற்றுச் சிரமம், குழுவில் ஹீலராக ஆடத் தாராளமாகப் போதும்.

சில்வரை வெளியாட்களிடம் வாங்காதீர்கள், கணக்கு முடக்கப்படும். காசு போட்டே தீர வேண்டும் என்றால் ஆட்டத்துக்குள்ளேயே கோல்டு வாங்கிச் சந்தையில் சில்வராக மாற்ற வழி இருக்கிறது. அப்படி மாற்றியதையும் ஐந்து செட் கணக்கிலேயே செலவு செய்யுங்கள்.