மழைக்கு முன் முற்றமா, வைப்பு முதிர்ந்த பின்பா?

கேள்வி: நான் கொழும்பில், வெள்ளவத்தையில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பெற்றோர் இருக்கும் வீட்டின் பின்முற்றத்தில் மாரி காலத்தில் வெள்ளம் நிற்பதால், 20 அடிக்கு 15 அடி இடத்தில் கல் பதிக்க விரும்புகிறோம். என் நிலையான வைப்பு பெப்ரவரியில்தான் முதிர்கிறது. நகையை அடகு வைத்து மழைக்கு முன்பே முடிக்கலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடகு வட்டி ஒவ்வொரு மாதமும் ஏறும்; மீட்க முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போய்விடும். வைப்பை இடையில் உடைத்தாலும் வங்கி வட்டியைக் குறைத்தே தரும். வடக்கில் மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டி, பெப்ரவரியில் நிலம் காய்ந்திருக்கும் என்பதால், உங்கள் பணமும் வேலைக்கேற்ற காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதுவரை தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அப்பா படமெடுத்து அனுப்பட்டும். சரிவை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

செலவைக் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள். 300 சதுர அடியில் 4 அங்குலம் நிரப்ப 100 கன அடி, அதாவது ஒரு கியூப் கிரவல் தேவை. இறுக்கும்போது அது படிந்து குறையும் என்பதால் ஒன்றேகால் கியூபுக்குப் பணம் ஒதுக்குங்கள். சுவரிலிருந்து வெளிப்புறமாக, 15 அடிக்கு 3 அங்குலம் தாழ்வு இருக்க வேண்டும். வழிந்தோடும் நீரை வீதிக்கு விடாமல், கிணற்றுக்கும் அத்திவாரத்துக்கும் எட்டத்தில் உள்ள வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீரையே நம்பியிருப்பதால், அந்த நீரை வீணாக்கவே கூடாது.

மேற்பரப்புக்கு நான், மணல்மேல் ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் இன்டர்லொக் கல்லையே சொல்வேன். எங்காவது நிலம் தாழ்ந்தால், கொங்கிரீட்டை உடைக்க வேண்டியிருக்கும். இந்தக் கல்லையோ கழற்றி, மணலைச் சரிசெய்து, திரும்பப் பதிக்கலாம். மினுங்கும் தரைஓடு மழையில் வழுக்கும். வயதான பெற்றோர் நடமாடும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பணம் போதாவிட்டால் அடித்தளத்தை முழுமையாகப் போட்டு, கல்லைப் பாதி இடத்துக்கு மட்டும் பதியுங்கள்.

கூலியை முற்பணமாக மொத்தமாகக் கொடுக்காமல், கிரவல் இறுகியதை அப்பா பார்த்த பின் ஒரு பங்கும், கல் பதித்த பின் இன்னொரு பங்குமாகக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, சுவரோரம் சில வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கும் தேங்காமல் பாத்திக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கணக்கை முடியுங்கள்.