பாட்டைப் பதிவு செய்யும் முன்பே பங்கைப் பேசுங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து, எங்கள் வட்டாரத்துக் கலைஞர்களுக்காகவே ஒரு சின்ன மியூசிக் லேபிள் தொடங்க இருக்கிறோம். ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் ஒரு அம்மா, ஒரு பறைக்குழு, சொந்தமாக எழுதிப் பாடும் ஒரு ராப் தம்பி என முதல் மூன்று வெளியீடுகளை முடிவு செய்துவிட்டோம். ரெக்கார்டிங், மிக்ஸிங் செலவு முழுக்க எங்களுடையது. அப்படியானால் பாட்டு எங்களுக்குத்தானே சொந்தம்? எல்லாரும் பழகியவர்கள்தான், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா? வருமானத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: செலவு செய்தவருக்கு எல்லாமே சொந்தம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர். வேறு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பதிவு (தொழிலில் மாஸ்டர் என்பார்கள்) உங்களுடையதுதான். வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை இருக்கும். ஆனால் அந்தப் பதிவுக்குள் இருக்கும் வரிகள் வேறு சொத்து, மெட்டு வேறு சொத்து. ராப் தம்பி எழுதியது அவருடையது. பாடியவருக்கும் பறை அடித்தவருக்கும் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, அதன் ஆயுள் 50 ஆண்டுகள். பணம் கொடுத்ததால் மட்டும் இவை உங்கள் கைக்கு வராது.

ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். பழகியவர்கள் என்பதால்தான் இன்னும் அதிகமாக வேண்டும். உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தாக இருந்தால்தான் செல்லும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றுதான் கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, மலேசியாவிலும் கனடாவிலும் ஓடும் பாட்டுக்கு உரிமை கோர முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். உரிமையை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். பதிவு செய்துவிட்டுக் கிடப்பில் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஒப்பந்தப் படிவங்களில், “எல்லா உரிமைகளையும், ராயல்டி உட்பட, நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன்” என்று ஒரு வாசகம் இருக்கும். அதை நம்பாதீர்கள். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைப் பெறும் உரிமையை லேபிளுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. ராப் தம்பியை இப்போதே பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியராக உறுப்பினராகச் சொல்லுங்கள். அங்கிருந்து அவருக்கு வரும் பணத்தில் உங்கள் ரெக்கார்டிங் செலவைக் கழிக்கும் பேச்சே வேண்டாம்.

மாஸ்டர் விஷயத்தில் என் கருத்து திட்டவட்டமானது: அது கலைஞருக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உலகம் முழுவதற்கும் 7 ஆண்டுகளுக்குத் தனி உரிமத்தை (அந்தக் காலத்தில் வேறு யாரும் வெளியிட முடியாத அனுமதியை) லேபிள் வாங்கிக்கொள்ளட்டும். சின்ன லேபிளுக்குப் பெரிய முன்பணம் கொடுக்க வசதி இல்லை. அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் 60 ஆண்டு உரிமையை எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அதே சமயம் லேபிள் கையில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கக் கூடாது. மான்செஸ்டரில் 1978-இல் தொடங்கிய ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள், எல்லாமே இசைக்கலைஞர்களுக்குத்தான் சொந்தம் என்று எழுதிக்கொடுத்திருந்தது. மனதார அப்படிச் செய்தார்கள். 1992-இல் கடன் முற்றி, நிறுவனத்தை விற்கப் பேசியபோது, விற்பதற்கு அவர்களிடம் ஏதும் இல்லை என்று தெரிந்து பேச்சு முறிந்தது. குறிப்பிட்ட காலத்துக்கான தனி உரிமம் இரண்டு பக்கத்தையும் காப்பாற்றும்.

இனிப் பங்கு. பெரும்பாலான மனத்தாங்கல் தொடங்குவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாட்டுக்கு நீங்கள் 45,000 ரூபாய் செலவழித்தீர்கள், ஸ்ட்ரீமிங், யூடியூப், ஓர் ஆவணப்படத்துக்குக் கொடுத்த அனுமதி எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில், மொத்த வரவிலிருந்து செலவை எடுத்துவிட்டு, மீதி 13,000 ரூபாயை ஆளுக்குப் பாதியாக 6,500 எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டாவது முறையில், வரவை முதலிலேயே பாதியாகப் பிரித்து, கலைஞரின் பாதியிலிருந்து மட்டும் செலவை ஈடுகட்டுகிறீர்கள். கலைஞரின் பாதி 29,000. செலவு 45,000. ஆக அவருக்குக் கையில் ஒரு பைசா கிடைக்காது, கணக்கில் இன்னும் 16,000 ரூபாய் பாக்கி நிற்கும். லேபிளோ செலவையும் எடுத்து, 13,000 லாபமும் பார்த்திருக்கும். இரண்டு ஒப்பந்தத்திலும் “செலவு போகப் பாதிக்குப் பாதி” என்றுதான் மேலோட்டமாகப் படிக்கத் தோன்றும். நீங்கள் முதல் முறையையே எழுதுங்கள், கூடவே இப்படி ஓர் எண் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடுங்கள். எது செலவு என்பதையும் வரையறுங்கள். ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங், அட்டைப்படம், வீடியோ சரி. உங்கள் பெட்ரோலும் டீயும் கலைஞர் கணக்கில் ஏறக் கூடாது.

லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டு ஒரு லேபிளால் நிற்க முடியுமா என்று கேட்பீர்கள். வாஷிங்டனில் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் 1980-இலிருந்து நிற்கிறது. டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப்பருவ இசைக்குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்த்திருந்த பணத்தைப் பங்கு போடாமல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் லேபிள். அந்தக் குழுவில் இருந்த இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களோடு உட்கார்ந்து தட்டின் உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். தங்கள் நகரத்து இசைக்குழுக்களை மட்டுமே வெளியிடுவது, லாபத்தில் பாதி குழுவுக்கு என்ற இரண்டு வழக்கமும் அங்கே நிலைத்தன. அவர்கள் எழுத்து ஒப்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றை மட்டும் நீங்கள் பின்பற்ற முடியாது, நம் சட்டம் எழுத்தைக் கேட்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தை விட்டு நகராமலிருப்பது பலவீனம் அல்ல என்பதற்கு அவர்கள் நல்ல சாட்சி.

ஒப்பாரி பாடும் அம்மாவிடம் தனிக் கவனம் வேண்டும். வழிவழியாக வரும் பாட்டுக்கு யாரும் உரிமையாளர் இல்லை. நீங்களும் இல்லை, அவரும் இல்லை. அவருடைய குரலுக்கும் அந்தப் பதிவுக்கும் மட்டுமே உரிமை உண்டு. அதனால் வரிகள், மெட்டு என்ற இடத்தில் உங்கள் லேபிள் பெயரைப் போடாதீர்கள், “வழக்குப் பாடல்” என்று போடுங்கள். ஆனால் ஒப்பாரியில் பாதி அந்த நேரத்தில் கட்டுவதுதான். இறந்தவரின் பெயர், தொழில், வீடு எல்லாம் பாடுபவரே இட்டுக்கட்டுவார். அப்படி அவர் கட்டிய வரிகளுக்கு அவரே பாடலாசிரியர். அதை எழுதிப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, அவர் வீட்டாரை வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அன்றைய நாளுக்கான சம்பளத்தை அன்றே கொடுங்கள், பங்கு அதற்கு மேல். அவர் காலத்துக்குப் பிறகு பங்கு யாருக்கு என்பதையும் அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். உண்மையான சாவு வீட்டில் பாடியதை வெளியிடுவதாக இருந்தால், அந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ராப் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது, பீட் (பாட்டுக்குப் பின்னணியாக ஓடும் இசை) யாருடையது என்பதுதான். இணையத்தில் வாடகைக்கு எடுத்த பீட் என்றால் அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டை ஒரே ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்றினால், சம்பந்தமில்லாதவர்களின் வீடியோக்கள் மேல் உங்கள் பெயரில் உரிமைகோரல் விழும், உங்கள் கணக்குக்கே ஆபத்து. பீட்டை முழு உரிமையோடு வாங்குங்கள், இல்லையென்றால் கன்டென்ட் ஐடியைத் தேர்வு செய்யாமல் விடுங்கள். சினிமாப் பாட்டின் மெட்டிலோ துணுக்கிலோ கை வைத்திருந்தால் உரிமையாளரின் அனுமதி வரும்வரை அந்தப் பாட்டு வெளியே போகக் கூடாது.

வெளியீட்டு வேலையில் இரண்டு செய்திகள் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று, எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனமே அதைத் தரும். அதை உங்கள் ஏட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே அடையாளத்தைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். அமெரிக்க விநியோக நிறுவனம் என்றால் டபிள்யூ-8 வரிப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அங்கே கேட்கப்பட்டதற்கான ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படலாம். இரு நாட்டு ஒப்பந்தப்படி நமக்கு அது 15 சதவீதம்தான்.

ஸ்ட்ரீமிங் வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது, 2024 முதல் இதுதான் விதி. உங்கள் கலைஞர்களுக்குக் காசு வருவது கோயில் கொடையிலும் கல்லூரி விழாவிலும் கல்யாணத்திலும்தான். அந்த நிகழ்ச்சிப் பணத்தில் லேபிள் பங்கு கேட்க வேண்டாம். நீங்களே பேசிப் பிடித்துக் கொடுத்த நிகழ்ச்சிக்கு மட்டும் ஒரு தரகு வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வரவு பூஜ்யமாக இருந்தாலும், ஒரு பக்கக் கணக்குச் சீட்டு ஒவ்வொரு கலைஞர் கைக்கும் போக வேண்டும்.

மூன்றில் எதை முதலில் வெளியிடலாம் என்றால் பறைக்குழு என்பேன். அடிகளைக் கோத்தது யார் என்று குழுவுக்குள் எழுதிக்கொண்டால் போதும், வரி, பீட் என்ற சிக்கல் இல்லை. குளிரூட்டிய ஸ்டுடியோவுக்குள் அவர்களைக் கொண்டுபோகாதீர்கள். தோல் தொய்ந்துவிடும், உள்ளே தீ மூட்டிக் காய்ச்சவும் முடியாது. ஊருக்கு வெளியே வண்டிச் சத்தம் இல்லாத ஒரு திடலில், காற்று அடங்கிய நேரத்தில், இரண்டு மைக்கைத் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஸ்பாட்டிஃபை குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைத்துவிட்டு, பறைக்குழு அடுத்து வாசிக்கப் போகும் திருவிழாவில் பாட்டின் கியூ.ஆர். கோடு அச்சிட்ட சிறு அட்டைகளைக் கூட்டத்தில் கொடுங்கள்.