லிஸ்ட் அப்புறம், முதல்ல அம்மாவுக்கு ஏன் தலை சுத்துச்சுன்னு சொல்லுங்க

கேள்வி: வணக்கம் அக்கா. நான் கோலாலம்பூர்ல ஐடி வேலை செய்றேன், வயசு 31, கல்யாணமாகி ஒன்றரை வருசம், செந்தூல்ல கொண்டோ. எனக்கு வீட்டு வேலை ஒன்னும் தெரியாது, உண்மையத்தான் சொல்றேன். போன மாசம் வீட்டுல கரண்டு போயிருச்சு, ஆள் கூப்பிட்டேன், வந்தவரு பெட்டிய தொறந்து ஒரு சுவிட்ச மேல தள்ளிட்டு 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிட்டுப் போனாரு, சரியாயிருச்சு. வருமான வரி எல்லாம் அக்காதான் போட்டுக் குடுப்பாங்க. சாப்பாட்டுக்கு பட்டர்வொர்த்துலேர்ந்து எங்கம்மா (63 வயசு) ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ல வந்து குழம்பு, பெரட்டல் எல்லாம் கொண்டாந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டுப் போவாங்க, ஒரு வாரத்துக்கு மேல வரும். போன தடவை வரும்போது பஸ்ல தலை சுத்தி வேர்த்துக் கொட்டிருச்சாம், பக்கத்து சீட்டு ஆளு மைலோ குடுத்ததும் சரியாயிருச்சாம், சுகர் வேற இருக்கு, அதனால இனிமே அடிக்கடி வர முடியுமான்னு தெரியல. அந்த வாரம்தான் என் மனைவி, அத்தைய இனிமே வர வேணாம்னு சொல்லுங்கன்னு சண்டை போட்டுட்டு ஈப்போவுல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய அடிப்படை விசயம் ஒரு பத்து எழுதிக் குடுங்க, யூடியூப் பாத்து கத்துக்கிறேன். மனைவி கிட்ட எப்படிப் பேசறதுன்னும் சொல்லுங்க.

பதில்: தம்பி, இந்த மாதிரி கடிதம் எனக்குப் புதுசில்ல. அம்மாங்க எழுதுவாங்க, கல்யாணமான பொண்ணுங்க எழுதுவாங்க, இப்ப பையன்களே எழுத ஆரம்பிச்சிட்டாங்க. அதனால கத்துக்கணும்னு தோணுச்சே அதுவே பெரிய விசயம்னு நான் தட்டிக் குடுக்கப் போறதில்ல, 31 வயசுல அது பெரிய விசயம் கெடையாது. நீங்க கேட்ட பத்தும் இப்ப கெடைக்காது.

உங்க கடிதத்துல என்னைய புடிச்சு நிறுத்துனது ஒரே எடம். அம்மாவுக்கு பஸ்ல தலை சுத்தி வேர்த்துக் கொட்டிருச்சாம், மைலோ குடிச்சதும் சரியாயிருச்சாம். இத நீங்க அம்மாவ நெனச்சு எழுதல, இனிமே சாப்பாடு வருமா வராதான்னு நெனச்சு எழுதிருக்கீங்க. மறுபடி படிச்சுப் பாருங்க, கோவம் வந்தாலும் பரவால்ல, படிங்க.

சுகர் இருக்கிற 63 வயசு அம்மாவுக்கு திடீர்னு வேர்த்து, தலை சுத்தி, இனிப்பா ஒன்னு குடிச்சதும் தெளிஞ்சுச்சுன்னா, பஸ்ல காத்தோட்டம் பத்தலன்னு சொல்லிட்டுப் போக முடியாது, பெரும்பாலும் ரத்தத்துல சுகர் எறங்கிருக்கும். உறுதியா டாக்டர்தான் சொல்லணும், ஆனா உங்க மனசுல மொதல்ல வந்திருக்க வேண்டிய கேள்வி அதுதான். நம்ம ஆளுங்க சுகர்னா ஏறுறது மட்டும்தான் ஆபத்துன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க, ஏறுறது வருசக்கணக்குல உடம்ப தின்னும், எறங்குறது சில நிமிசத்துல ஆள சாய்ச்சிரும். ரத்தத்த குத்திப் பாக்குற மிஷின்ல 4-க்கு (mmol/L கணக்குல) கீழ காட்டுச்சுன்னா எறங்கிருச்சுன்னு அர்த்தம். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அகோரமா பசிக்கும், அப்புறம் பேச்சு கொழறும், சம்பந்தமில்லாம கோவம் வரும், அப்பவும் யாரும் கவனிக்கலன்னா வலிப்பு வரும், நினைவு போயிரும், உயிரே போறதும் உண்டு.

பக்கத்து சீட்டுல இருந்த அந்த முகம் தெரியாத ஆளு குடுத்தது சரியான மருந்து. அந்த சீட்டுல நீங்க உக்காந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க? அம்மாவுக்கு சுகர், இனிப்பே ஆகாதுன்னு மைலோவ வாங்கி வச்சிட்டு வெறும் தண்ணிய குடுத்திருப்பீங்க, நெத்தியில தைலம் தேச்சிருப்பீங்க. பாசத்துலதான் செஞ்சிருப்பீங்க, எனக்குத் தெரியும், ஆனா அந்த நேரத்துல அம்மாவுக்கு வேண்டியது சீனி.

இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. ஆளு முழிச்சிருந்து முழுங்க முடியுதுன்னா உடனே 15 கிராம் சர்க்கரை உள்ள போகணும், 3 டீஸ்பூன் சீனிய தண்ணில கலக்குனா போதும், இல்லன்னா அரை கிளாஸ் இனிப்பு டிரிங்க்ஸ். சாக்லேட் வேணாம், அதுல கொழுப்பு இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். 15 நிமிசம் பொறுத்து மறுபடி குத்திப் பாக்கணும், இன்னும் 4-க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவை குடுக்கணும், ஏறுனதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சோறோ வயித்துக்குப் போகணும், இல்லன்னா திரும்ப எறங்கும். நினைவு இல்லன்னா வாயில ஒரு சொட்டு கூட ஊத்தக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும், ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு 999 அடிக்கணும்.

சரி, ஏன் எறங்குச்சு? அத அம்மா கிட்ட கேட்டீங்களா? கேட்டிருந்தா எழுதிருப்பீங்க. நான் ஊகிச்சு சொல்றேன், தப்பா இருந்தா நல்லது. வெடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உங்களுக்கு சமைச்சிருப்பாங்க, காலை மாத்திரைய மறக்காம போட்டிருப்பாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பசியாறாம கெளம்பிருப்பாங்க. மாத்திரை தன் வேலைய செஞ்சிருச்சு, வயித்துல ஒன்னும் இல்ல. இன்சுலின் போடுறவங்களுக்கும், கிளிக்லசைட் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இப்படி ஆகலாம், மெட்ஃபார்மின் மட்டும்னா இப்படி எறங்குறது அபூர்வம். உங்கம்மா எது சாப்பிடுறாங்க? வெள்ளிக்கிழமை விரதம் இருக்காங்களா, விரதத்தன்னிக்கும் மாத்திரை போடுறாங்களா? கிட்னி எப்படி இருக்கு? வயசாகி கிட்னி தளர்ந்தா சில மாத்திரை உடம்புலயே தங்கி இன்னும் எறக்கும். ஒரு சாஃப்ட்வேர்ல கோளாறுன்னா எந்த வரில தப்புன்னு கண்டுபுடிக்காம நீங்க தூங்க மாட்டீங்க. பெத்தவ பஸ்ல சாயுறா, அதுக்கு மட்டும் சரியாயிருச்சாம்னு எழுதி முற்றுப்புள்ளி வச்சிட்டீங்க.

பட்டர்வொர்த்துலேர்ந்து கோலாலம்பூர் 350 கிலோமீட்டர் கிட்ட. மழை, ஜாம் இல்லன்னாலும் பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆகும். டிபிஎஸ் பஸ் நிலையத்துல எறங்கி குழம்புச் சட்டியோட எல்ஆர்டி ரயில் ஏறி செந்தூல் வராங்களா, நீங்க காடி எடுத்துட்டுப் போய் ஏத்திட்டு வரீங்களா, அதையும் நீங்க எழுதல.

அந்தக் குழம்பப் பத்தியும் சொல்லணும், இது நீங்க கேட்ட அடிப்படை விசயத்துல சேந்ததுதான். சமைச்ச சாப்பாட்ட நம்ம ஊர் வெக்கைக்கு 2 மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது. 5 டிகிரிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் இருக்கிற சூட்டுலதான் கிருமி வேகமா பெருகும். காலைல செஞ்ச தேங்காப்பால் குழம்பு பையில, பஸ்ல, ரயில்ல இருந்துட்டு உங்க ஃப்ரிட்ஜுக்கு மத்தியானம்தான் வந்து சேருது. அதுக்கப்புறம் அத ஒரு வாரத்துக்கு மேல வச்சு சாப்பிடுறீங்க, ஃப்ரிட்ஜ்ல வச்ச சமைச்ச சாப்பாடு மூணு நாலு நாளைக்குத்தான். சூடு பண்ணா எல்லாம் செத்துரும்னு நெனக்காதீங்க, வெளிய கெடந்த சோத்துல ஒரு கிருமி விடுற விசம் சூட்டுக்கும் போகாது. உங்க வயித்துக்கு இது வரைக்கும் ஒன்னும் ஆகலன்னா அது அதிர்ஷ்டம்.

ஒரு சோறு, ஒரு பருப்பு, ஒரு முட்டைப் பெரட்டல், நெத்திலி சம்பல், கோழிக் குழம்பு. இது தெரிஞ்சா ஒருத்தன் பட்டினி கெடக்க மாட்டான், யூடியூப் எல்லாம் வேணாம், அம்மாவ போன்ல வீடியோ போட்டு வச்சிக்கிட்டு அவங்க சொல்லச் சொல்ல செய்ங்க. உப்பு கூடிப் போச்சுன்னா கூடுனத சாப்பிடுங்க.

இப்ப உங்க மனைவி. அத்தைய வர வேணாம்னு சொல்லுங்கன்னு சொன்னது உங்களுக்கு மாமியார் மருமக சண்டையா கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்களே எழுதிருக்கீங்க, அம்மாவுக்கு தலை சுத்துன அதே வாரம்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு ஒன்னோட ஒன்ன சேத்துப் பாக்காம விட்டுட்டீங்களே தம்பி. வயசான மனுசிய இந்தப் பாடு படுத்தாதீங்கன்னு அவங்க கத்திருந்தா? உங்க வீட்டுல உங்கம்மாவ பாத்த ஒரே ஆளு அவங்களா இருந்தா? இத அவங்க கிட்டயே கேளுங்க, உங்க பக்க நியாயம் எதையும் சொல்லாம இத மட்டும் கேளுங்க, கேட்டுட்டு பதில் முழுசா வர வரைக்கும் வாய தெறக்காதீங்க. தாய்க்குப் பின் தாரம்னு சொன்னத நம்ம பையன்க தாய் செஞ்ச வேலைய எல்லாம் தாரம் வந்து செய்யணும்னு எடுத்துக்கிட்டாங்க, அதுல தாயும் ஓயல, தாரமும் தங்கல.

உங்கம்மாவ மாதிரி அம்மாங்களுக்கும் ஒரு வார்த்தை, இத படிக்கிறவங்க படிக்கட்டும். பொம்பள புள்ளைய பத்து வயசுலயே அரிசி கழுவ விட்டீங்க, பையன் தட்ட எடுத்து சிங்க்ல போட்டாலே பெருமையா சொன்னீங்க. அது பாசம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதோட கணக்கு உங்க அறுபது வயசுல உங்க முட்டி மேலதான் வந்து விழுது. அதுக்காக 31 வயசுக்காரரு அம்மா வளத்தது அப்படின்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச நாளோட அந்த சாக்கு முடிஞ்சிருச்சு.

கரண்டு விசயத்துக்கு வரேன். அந்த ஆளு உங்கள ஏமாத்தல, வந்ததுக்குக் கூலி வாங்குனாரு. ஆனா அந்த சுவிட்ச் ஏன் விழுந்துச்சுன்னு நீங்க கேக்கல, இங்கயும் சரியாயிருச்சுன்னு விட்டுட்டீங்க. கதவு பக்கத்துல இருக்கிற அந்த டிபி பெட்டில டெஸ்ட்னு ஒரு பட்டன் வச்ச சுவிட்ச் இருக்கும், கரண்டு எங்கயாவது கசிஞ்சா ஆளுக்கு ஷாக் அடிக்காம இருக்க அதுதான் விழும். கை காஞ்சிருக்கணும், காலுல சிலிப்பர் இருக்கட்டும். சின்ன சுவிட்ச் எல்லாத்தையும் எறக்கிட்டு டெஸ்ட் பட்டன் வச்ச அந்தப் பெருச மேல தள்ளுங்க, அப்புறம் சின்னத ஒவ்வொன்னா ஏத்துங்க, எத ஏத்தும்போது பெருசு விழுதோ அந்த லைன்லதான் கோளாறு. நெறைய வீட்டுல அது பாத்ரூம் வாட்டர் ஹீட்டராத்தான் இருக்கும். அப்படின்னா அந்த லைன எறக்கியே வச்சிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேன் பாக்குற வரைக்கும் பச்சத் தண்ணில குளிங்க. எல்லாத்தையும் எறக்கியும் பெருசு நிக்கலன்னா கை வைக்காதீங்க. மாசம் ஒரு தடவை அந்த டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, அமுக்குனா விழணும், விழலன்னா அது உங்கள காப்பாத்தாது. ஹீட்டர்தான் கசிஞ்சிருந்தா, அதுல உங்க மனைவியும் அம்மாவும்தான் குளிச்சிருக்காங்க.

வருமான வரிய இந்த வருசம் நீங்களே போடுங்க, பாஸ்வேர்ட மாத்துங்க. சம்பளக்காரங்களுக்கு பிஇ பாரம், கெடு ஏப்ரல் 30, ஆன்லைன்ல போட்டா வழக்கமா மே 15 வரைக்கும் விடுவாங்க, ரசீது எல்லாம் 7 வருசம் வச்சிருக்கணும். அதுல பெத்தவங்க மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு. இது வரைக்கும் உங்க பாரத்துல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சா, இல்ல எதாவது இருந்துச்சான்னு அக்கா கிட்ட கேட்டுப் பாருங்க.

அடுத்து செய்ய வேண்டியது. அம்மாவுக்கு அடுத்த கிளினிக் தேதி என்னிக்குன்னு இன்னிக்கே கேளுங்க, அது தூரமா இருந்தா அது வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போகணும். அன்னிக்கு லீவு போட்டுட்டு நீங்க வடக்க போங்க, கேஎல் சென்ட்ரல்லேர்ந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் இருக்கு, நாலு மணி நேரம் சொச்சம், உங்க முட்டிக்கு ஒன்னும் ஆகாது. வெளிய உக்காந்து போன நோண்டாம டாக்டர் ரூமுக்குள்ள கூட போங்க. பஸ்ல நடந்தத நீங்க சொல்லுங்க, அம்மா ஒன்னும் இல்லன்னு மழுப்புவாங்க, விடாதீங்க. மாத்திரை எந்த நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, பயணத்தன்னிக்கும் விரதத்தன்னிக்கும் என்ன செய்யணும், இத எழுதி வாங்குங்க. குத்திப் பாக்குற மிஷின் வீட்டுல இல்லன்னா வாங்கிக் குடுங்க, அவங்க கைப்பைல சீனி மிட்டாய் ஒரு பாக்கெட் போட்டு வைங்க. அன்னிக்கு ராத்திரி சமையல் நீங்க, அவங்க உக்காரட்டும்.

ஈப்போ போற வழிதான், திரும்பி வரும்போது எறங்குங்க. அதுக்கு முன்னாடி மனைவிக்கு சமாதான மெசேஜ் எதுவும் அனுப்பாதீங்க. அம்மா சாப்பிடுற மாத்திரை பேரு, அளவு, நேரம், மூணையும் எனக்கு எழுதி அனுப்புங்க தம்பி, அது வந்தாத்தான் நீங்க கேட்ட லிஸ்ட்ல அடுத்தது என்னன்னு நான் எழுதுவேன்.