ஸ்கோரர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஷஃபாலி வர்மா மாதிரி 15 வயதில் இந்திய அணிக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், முதல் பெரிய ஆட்டத்தில் முட்டை வாங்கிவிட்டு மூன்று நாளாக மட்டையைத் தொடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, ஷஃபாலி ஆரம்பித்ததும் முட்டையில்தான். 2019 செப்டம்பர் 24, சூரத். எதிரில் தென்னாப்பிரிக்கா. ஷஃபாலிக்கு வயது 15 வருடம் 239 நாள். நாலே பந்து, பூஜ்யம். ஸ்கோர் புத்தகத்தில் ரன் இல்லாத பந்துகளுக்கு மூன்று புள்ளி, ஓர் அவுட், அவ்வளவுதான். அதே தொடரில் அடுத்து பேட் பிடித்தபோது 33 பந்தில் 46 அடித்தார்.

முப்பது வருஷம் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். முட்டை வாங்கியவர்கள் நேரே என் மேஜைக்குத்தான் வருவார்கள். "சார், அந்த லெக் பை பேட்டுல பட்டுச்சு சார், ஒரு ரன் போடுங்க சார்" என்று கெஞ்சாதவர்கள் குறைவு. பந்து காலில்தான் பட்டது, ரன் ஆட்டக்காரர் கணக்கில் சேராது என்று அம்பயர் முழங்காலைத் தூக்கிக் கையால் தொட்டுக் காட்டிய பிறகு நான் என்ன செய்ய முடியும்? உங்கள் மகள் மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவோ மேல். நாலாம் நாள் அவளே மட்டையை எடுக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஷஃபாலி பையன் வேஷம் போட்டு ஆடியதாகச் சொல்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேஷமெல்லாம் இல்லை, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். ஹரியானாவின் ரோத்தக்கில் பெண் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள கிரிக்கெட் அகாடமிகள் தயாராக இல்லை. அப்பா சஞ்சீவ் வர்மா நகைத் தொழில் செய்பவர், கிரிக்கெட் பைத்தியம். முடியை வெட்டிவிட்டுப் பையன்களோடு ஆட வைத்தார். பானிபட்டில் 12 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான போட்டி. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அவன் இடத்தில் தங்கை இறங்கி, ஆட்ட நாயகன் பரிசையும் வாங்கி வந்தார். அன்றைக்கு ஸ்கோர் எழுதிய புண்ணியவானை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு. ரன்னையெல்லாம் அண்ணன் பெயரிலேயே எழுதியிருப்பார், பாவம்.

2013இல் சச்சின் தன் கடைசி ரஞ்சி ஆட்டத்தை ஆடிய லாலி மைதானம் ரோத்தக்குக்குப் பக்கம்தான். ஒன்பது வயது ஷஃபாலி அப்பாவோடு போய் அதைப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: அந்தச் சச்சினின் எந்தச் சாதனையை அவர் முறியடித்தார்?
- ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: சர்வதேச ஆட்டத்தில் மிகக் குறைந்த வயதில் அரைச்சதம் அடித்த இந்தியர் என்பது. சச்சினுக்கு அப்போது 16 வருடம் 214 நாள். ஷஃபாலிக்கு 15 வருடம் 285 நாள். 2019 நவம்பரில் செயின்ட் லூசியாவில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் 49 பந்தில் 73. மறுநாள் ஆட்டமிழக்காமல் 69! ஆனால் சச்சின் அடித்தது டெஸ்டில், பாகிஸ்தான் வேகப்பந்துக்கு எதிராக. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கேள்வி: 2020 டி20 உலகக் கோப்பையில் நம்மைத் தோற்கடித்தது ஷஃபாலி விட்ட கேட்ச்தான் என்கிறார் என் நண்பர். சரியா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: விட்ட கேட்ச்சுக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே கிடையாது. நான் மட்டும் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போட்டு வைப்பேன். மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே அந்தச் சுழி விழுந்தது. தீப்தி சர்மா பந்து, ஆஸ்திரேலியாவின் அலிஸா ஹீலி 9 ரன்னில் இருந்தார், கவர் திசையில் நின்ற ஷஃபாலி விட்டார். ஹீலி 39 பந்தில் 75 அடித்துவிட்டுத்தான் போனார். பிறகு நம் முறை வந்தபோது முதல் ஓவரின் மூன்றாவது பந்தில் ஷஃபாலி 2 ரன்னில் அவுட். கேட்ச் பிடித்தது யார்? அதே ஹீலிதான்.

86,174 பேர் பார்த்த ஆட்டம். பத்தாம் வகுப்புப் படிக்கிற வயதுப் பெண். அதுவரை அந்த உலகக் கோப்பையில் நம் பேட்டிங்கைத் தூக்கி நிறுத்தியதே அவர்தான், டி20 தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்திருந்தார். நாம் 99க்குச் சுருண்டோம். மற்ற பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்று நண்பரைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2025 உலகக் கோப்பை அணியில் முதலில் ஷஃபாலிக்கு இடமே இல்லை. தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவலுக்குக் காலில் அடிபட்டதால் அரையிறுதிக்கு அவசரமாக அழைத்தார்கள். நவி மும்பை இறுதி ஆட்டத்தில் 87 ரன், இரண்டு விக்கெட். அதில் தென்னாப்பிரிக்காவின் சூனே லூஸை வீழ்த்தியது தன் பந்திலேயே தானே பிடித்த கேட்ச்.

கேள்வி: நீங்கள் நேரில் ஸ்கோர் எழுதிப் பார்த்த ஷஃபாலி ஆட்டம் உண்டா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: உண்டு. 2024 ஜூன் 28, சேப்பாக்கம், தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட். எனக்கு உத்தியோகம் எதுவும் இல்லை. கேலரியில் சும்மா உட்கார முடியாமல் பழைய புத்தகத்தையும் பென்சிலையும் கொண்டுபோயிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தன் முதல் டெஸ்டில் 96இல் தூக்கி அடித்து அவுட் ஆனவர் ஆயிற்றே, 90ஐத் தாண்டியதும் எனக்குக் கை வியர்த்தது. அவருக்கு வியர்த்ததாகத் தெரியவில்லை. ஸ்மிருதி மந்தனாவோடு முதல் விக்கெட்டுக்கு 292. இருநூறை நெருங்கும்போது டெல்மி டக்கரை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர், பிறகு ஒரு சிங்கிள். 194 பந்தில் இரட்டைச் சதம். பெண்கள் டெஸ்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. கடைசியில் 205இல் ரன் அவுட்.

23 பவுண்டரி, 8 சிக்ஸர். அவர் வரிசையில் கட்டம் போதவில்லை. மிச்சத்தைப் பதினோராவது ஆட்டக்காரரின் வரியில் எழுதினேன். அன்றைக்கு அவர் பேட் பிடிக்க வரமாட்டார் என்ற தைரியம்தான்.